திரையில் விழுந்த கறை

எமது வீட்டில் இன்றும் இயங்கும் பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் மூலையில் ஒருநாள் பச்சைக் கறை தோன்றிற்று. "படக்குழாய் கெட்டுவிட்டது, இனி எறிய வேண்டியதுதான்" என்றனர் வீட்டார். மகனோ பின்மூடியைக் கழற்றத் தொடங்கினான். நாம் பதறித் தடுத்தோம். இயங்கும்போது அக்குழாயில் 20,000 வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தம் ஏறும். மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் உயிர்க்கு ஊறு செய்யுமளவு மின்னேற்றம் அதில் தங்கியிருத்தல் கூடும்.

பின்னர் நிதானமாக நோக்கினோம். எந்த நிலையத்தைத் திருப்பினும் கறை இடம்பெயரவில்லை. உருவம் தெளிவாயிருந்தது, நிறம் மட்டுமே பிறழ்ந்தது. ஆகவே அன்ரனாவின் குற்றமன்று. பெட்டியின் அருகே, முதல்நாள் வைத்த ஒலிபெருக்கி! அதனுள்ளிருக்கும் காந்தம், திரைக்குப் பின்னுள்ள துளைத்தகட்டைக் காந்தமாக்கி, எலெக்ற்றன் கதிர்களைப் பிறநிறப் புள்ளிகளில் விழச் செய்திருந்தது.

ஒலிபெருக்கியை அகற்றினோம். பெட்டியை அணைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டு மீண்டும் இயக்கினோம். குளிர்ந்த பெட்டி இயங்கத் தொடங்கும் கணத்தில், குழாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அக்காந்தத்தைக் கலைக்கும். மும்முறை செய்ததும் கறை மறைந்தது.

படம் முழுவதும் ஒடுங்கி ஒற்றைக் கிடைக்கோடாயின், அது உள்ளுறுப்பின் பழுது. உடனே அணைத்துத் தொழில் அறிந்தவரை அழைத்தலே தக்கது.

வகுப்பில் ஒரு பிள்ளை திடீரெனக் கெட்டாலும், அவனைக் கடியுமுன் அருகில் இருப்பது யாரென்று பார்ப்பதே எமது வழக்கம்.