கிளிட்ச் கலையை விபத்து என்பவர்களுக்கு

டிஜிட்டல் கோப்பையோ கருவியையோ வேண்டுமென்றே சிதைத்து உருவாக்கும் கிளிட்ச் கலைப் படங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: "கோப்பு கெட்டுப்போயிருக்கிறது, அதற்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள்." கணினி செய்த தவறுக்குக் கலைஞர் பெயர் வாங்குகிறார் என்பது குற்றச்சாட்டு. ஓவியம் அறிந்தவர்கள்கூட இதைச் சொல்வதுதான் வருத்தம். படம் எப்படி உருவானது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் வழங்கப்படும் தீர்ப்பு இது.

மழை வலுத்தால் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, அது விபத்து. அதை யாரும் கலை என்று கொண்டாடவில்லை. கிளிட்ச் கலைஞர் எங்கே கைவைத்தால் எது வெளிப்படும் என்று கற்றுக்கொண்டு உடைக்கிறார்.

நெதர்லாந்துக் கலைஞர் ரோசா மென்க்மன் 2010இல் 'எ வெர்னாகுலர் ஆஃப் ஃபைல் ஃபார்மட்ஸ்' என்ற படைப்பைச் செய்தார். தன் முகப்படம் ஒன்றையே பல கோப்பு வடிவங்களில் சேமித்து, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பிழையைப் புகுத்தினார். முகம் அதேதான், பிழையும் ஏறக்குறைய அதேதான். சிதைவு மட்டும் வடிவத்துக்கு வடிவம் மாறியது. வெறும் தற்செயல் என்றால் அந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. இங்கே சொல்ல முடியும்.

ஜேபெக் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக அது நறுக்குகிறது. கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களை, நிறத்தில் உள்ளவற்றைத் தாராளமாகவே, எறிந்துவிடுகிறது. ஒரு கட்டத்தின் சராசரி ஒளியையும் நிறத்தையும் முழுதாக எழுதாமல், முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்று மட்டும் குறித்து வைக்கிறது. ஆகவே நடுவில் ஓர் எண்ணை மாற்றினால் சேதம் அங்கேயே நிற்காது. அதற்குப் பின்வரும் படம் முழுவதும் நிறம் திரிந்து, இடம் நகர்ந்து போகலாம். சுருக்கப்படாத பிஎம்பி கோப்பில் அப்படி ஓர் எண்ணை மாற்றினால் ஒரு பிக்சலோடு முடிந்துவிடும். பிஎன்ஜி ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், சிதைந்ததைப் பல மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும். இதெல்லாம் தெரியாமல், கோப்பின் எண்களை நேரடியாக மாற்ற உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் கண்டபடி கைவைப்பவருக்குப் பல நேரம் மிஞ்சுவது திறக்காத கோப்புதான்.

குடும்பப் படம், செய்திப் படம், வழக்கில் காட்டும் சான்றுப் படம் எல்லாமே உள்ளதை உள்ளபடி காட்டுவதாக நம்புகிறோம். ஆனால் எதை வைக்கலாம், எதை விடலாம் என்று 1992இல் தரநிலையான ஒரு கணக்கு ஒவ்வொரு ஜேபெக்கிலும் நமக்காக முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. கோப்பு நலமாக இருக்கும்வரை அது நம் கண்ணில் படாது. அதைக் கண்ணில் பட வைப்பதுதான் இந்தக் கலையின் மதிப்பு என்று நான் கருதுகிறேன். அழகு அதற்கு அடுத்ததுதான்.

இது நேற்று வந்த மோகமும் அல்ல. கலைஞர் நாம் ஜூன் பைக் 1965இலேயே தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்தார். 1978இல் 'டிஜிட்டல் டிவி டின்னர்' என்ற வீடியோ படைப்பு வந்தது. பேலி வீடியோ கேம் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்ரிட்ஜ் வெளியே துள்ளும்படி கருவியைக் குத்தி, நினைவகம் தடுமாறும்போது திரையில் தெரிந்ததைப் பதிவு செய்தார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவரான ஜேமி ஃபென்டன், அந்தக் கருவிக்கே மென்பொருள் எழுதியவர். அவரை விஷயம் தெரியாமல் உடைத்தவர் என்று சொல்ல முடியுமா?

இகழ்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. செல்போன் செயலியில் பொத்தானை அழுத்தினால் சிவப்பும் நீலமும் விலகிக் கோடுகள் ஓடும் படம் வந்துவிடுகிறது. அங்கே எந்தக் கோப்பும் உடையவில்லை. உடைந்த தோற்றம் மேலே பூசப்பட்டிருக்கிறது. கிளிட்ச் வெறும் அலங்காரப் பாணியாக உறைந்துபோவதை மென்க்மனே 2011இல் வெளிவந்த தன் நூலில் விமர்சித்திருக்கிறார். போலி மலிந்துவிட்டது என்பதற்காக அசலையும் சேர்த்துத் தள்ளுவது அநியாயம்.

அடுத்த முறை இப்படி ஒரு படத்தின் முன் நின்றால், படைத்தவரிடம் கேளுங்கள்: இது எந்த வகைக் கோப்பு, அதில் எதை மாற்றினீர்கள்? பதில் இல்லையென்றால் தயங்காமல் நிராகரியுங்கள். பதில் இருந்தால், அவருடைய உழைப்பை விபத்து என்று சொல்லாதீர்கள்.