கொடைக்கானலில் ஒரு நாள்

சித்திரை பிறந்து விட்டால் மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கி, மறுபடி மலை ஏறிப் போன பிறகு ஊரெல்லாம் ஒரே பேச்சுத்தான். "நாமும் ஒரு நாள் மலை ஏறி விட்டு வரலாமா? கொடைக்கானல் போய் வரலாமா?"

ஆசை நியாயமானது. மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோ மீட்டர். வழியில் தடை இல்லாவிட்டால் நாலு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். இங்கே தார் ரோடு உருகும்போது அங்கே பகலிலும் உடம்பு சால்வை கேட்கும். டூயட் பாடுவதற்காகச் சினிமாக்காரர்கள் விமானம் ஏறி ஐரோப்பாவில் உள்ள ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறார்கள். நமக்கு ஆல்ப்ஸ் வத்தலக்குண்டுக்கு மேலேயே இருக்கிறது! ஏழாயிரம் அடி உயரம். ஏரி, பூங்கா, மேகம் எல்லாம் உண்டு. பஸ் கட்டணம் கொடுத்தால் போதும்.

ஆனால் போகிறவர்கள் எல்லாரும் கொடைக்கானலைப் பார்த்து விட்டுத்தான் வருகிறார்களா?

பன்னிரண்டு இடங்கள்!

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டியாகி விட்டது. எண்பது வயதைத் தொடும் எங்கள் அப்பத்தாவும் சால்வையோடு வந்து உட்கார்ந்து விட்டார். டிரைவர் அச்சடித்த அட்டை ஒன்றை நீட்டினார். அதில் பன்னிரண்டு இடங்களின் பெயர்கள். "பன்னிரண்டையும் காட்டிடுவேன் அண்ணே, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுல விட்டுடுவேன்" என்றார்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். மலையில் பாதி தூரம் ஏறுவதற்குள் வேன் நின்றது. முன்னால் கார்கள், பின்னால் கார்கள். பக்கத்தில் பாறை, மறுபக்கம் பள்ளம். வெள்ளி அருவிக்கு முன்பாகவே இரண்டு மணி நேரம் போயிற்று. குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். பெண்கள் ஒதுங்குவதற்கு இடம் இல்லாமல் தவித்தார்கள். இந்தக் கஷ்டத்தைப் பற்றி எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை!

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வேனை நிறுத்த இடம் தேடியதில் இன்னும் அரை மணி. கட்டுச்சோற்றை வேனுக்குள்ளேயே சாப்பிட்டோம். பைன் காட்டில் கால் மணி, குகைப் பக்கம் எட்டிப் பார்த்துப் பத்து நிமிஷம். நாலரை மணிக்கு டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இறங்கினாத்தான் உண்டு அண்ணே" என்றார். இறங்கினோம்.

வரும் வழியில் என் மகள் கேட்டாள்: "அப்பா, கொடைக்கானல் எங்கே இருந்தது?"

அப்பத்தா சிரித்து விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தே பார்க்கலாம்

பிறகு ஒரு முறை, காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். இந்தத் தடவை வேன் இல்லை. ஆரப்பாளையத்தில் இருட்டோடு இருட்டாகப் பஸ் ஏறினோம். மூன்றே இடங்கள் என்று முதலிலேயே முடிவு செய்து கொண்டோம். ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் நடை. மூன்றும் கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரந்தான். பூங்கா ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தெரியாததால்தான் கார் வைத்து அலைகிறார்கள்.

வழியில் கொடை ரோடு ரெயில் நிலையம் வந்தது. அது அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. மோட்டார் வராத காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் இங்கேதான் ரெயிலை விட்டு இறங்குவார்கள். மாட்டு வண்டியில் ராத்திரி முழுவதும் போய் அடிவாரத்தை அடைவார்கள். பிறகு குதிரை மீதோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, அல்லது கால்நடையாகவோ ஏற வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் இப்போதைய ரோடு முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் திறக்கப்பட்டது. லா என்ற எஞ்சினீயர் போட்ட ரோடு என்பதால் அதற்கு லாஸ் காட் என்று பெயர்.

அந்த நாளில் அவ்வளவு பாடுபட்டு ஏன் ஏறினார்கள்? உல்லாசத்துக்காக அல்ல, உயிர் பிழைக்க! மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஒருவர் பின் ஒருவராகப் பலியானார்கள். மிஞ்சியவர்கள் 1845-ல் மலை மேல் இரண்டு வீடுகள் கட்டிக் கொண்டார்கள். இன்றைய ஊர் அப்படித்தான் பிறந்தது. அதற்கு முன்பும் மலையில் மக்கள் இருந்தார்கள். பளியர்களும் மலைக் கிராமத்தாரும் அங்கே காலங்காலமாக வாழ்ந்து வந்தவர்கள்.

ஏரி இயற்கையாக உண்டானது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். சதுப்பு நிலம் ஏரி ஆயிற்று. பரப்பு சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டு வந்து விட்டவரும் அவர்தான் என்று சொல்வார்கள். சுற்றி நடந்தால் ஐந்து கிலோ மீட்டர். அப்பத்தா கால் பங்கு நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விட்டார். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அன்றைக்குக் கொடைக்கானலை நன்றாகப் பார்த்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

பிரையண்ட் பூங்கா 1908-ல் பிரையண்ட் என்ற வன அதிகாரி போட்டது. ரோஜாச் செடிகளைப் பற்றி நான் எழுதினால் வீட்டில் உள்ள பெண்கள் சிரிப்பார்கள், விட்டு விடுகிறேன். கோக்கர்ஸ் நடை 1872-ல் அமைந்தது. மலையின் விளிம்பை ஒட்டி ஒரு கிலோ மீட்டர் நடைபாதை. மேகம் விலகினால் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி பாய் விரித்தது போலத் தெரியும். நாங்கள் போனபோது அரை மணி நேரம் வெறும் வெள்ளைத் திரை. பிறகு யாரோ திரையை இழுத்தது போல் விலகிற்று. வேன்காரர் காத்திருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது.

நேரம் மிஞ்சினால் நாலாவதாக ஓர் இடம் சொல்வேன். அது சூரிய ஆராய்ச்சிக் கூடம். 1876-ஐ ஒட்டி வந்த தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் கதை கதையாய்ச் சொல்வார்கள். மதுரைச் சீமையும் அதில் வாடியது. சூரியனில் ஏற்படும் மாறுதலுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று கண்டறிய வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வலுப்பெற்றது. அதன் விளைவாக 1899-ல் ஆராய்ச்சிக் கூடம் சென்னையிலிருந்து இந்த மலைக்கு வந்தது. சூரியனில் உள்ள கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் இங்கேதான் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் விஞ்ஞான மாணவர்கள் இன்றும் அவர் பெயரைப் படிக்கிறார்கள். நம் பட்டினியிலிருந்து பிறந்த கூடம் இது. பன்னிரண்டு இடங்களின் அட்டையில் இதன் பெயர் இல்லை!

மலைத் தண்ணீர்

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறும்போதே, டம்டம் பாறைப் பக்கம், எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்குவது போல ஓர் அருவி தெரிந்தது. தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 975 அடி.

"அந்தத் தண்ணி எங்கேப்பா போகுது?" என்றாள் மகள்.

"மஞ்சளாறு அணைக்கு. அங்கேயிருந்து வைகைக்கு."

"நம்ம வைகைக்கா?"

ஆம், நம்ம வைகைக்குத்தான். ஊரை ஒட்டிய பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் வராக நதியோடு சேருகிறது. அதுவும் வைகைக்கே வருகிறது. மலையில் உள்ள சோலைக் காடும் புல்வெளியும் மழை நீரைப் பஞ்சு போலக் குடித்து வைத்துக் கொண்டு, கொஞ்சங் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. ஆகவே அங்கே நாம் எறிகிற பிளாஸ்டிக் பையும், பாட்டிலும், சாக்கடையும் யாரோ ஒருவர் ஊருக்குப் போவதில்லை. நமக்குப் பின்னாலேயே மலை இறங்கி வருகின்றன.

இது பயமுறுத்தல் அல்ல. பாம்பாறு சோலைக்கு மேலே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசக் கழிவு வெளியே வந்தது தெரிந்து மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2001-ல் ஆலை மூடப்பட்டது. அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரமோ இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. மலையில் கொட்டுவது சுலபம், அள்ளுவதுதான் கஷ்டம்.

2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் ஜனத்தொகை 36 ஆயிரத்துச் சொச்சம். சீசன் நாளில் இந்தச் சின்ன ஊரின் மீதுதான் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஏறுகின்றன. அதனால்தான் சென்னை ஐகோர்ட்டு தலையிட்டது. 2024 மே 7 முதல் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் போடப்பட்டது.

"நம் மலைக்குப் போக நமக்கே பாஸா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஓட்டல் வைத்திருப்பவர்களும், குதிரைக்காரர்களும், பழம் விற்கும் பெண்களும் கூட்டம் குறையும் என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை அலட்சியப்படுத்தக் கூடாது. அவர்களுக்குச் சீசன் இரண்டு மாதந்தான். ஆனால் நெரிசலில் சிக்கிய வேன்காரர் பேரிக்காய் வாங்குவதில்லை. நடக்கிறவன்தான் நின்று வாங்குகிறான்.

சுவிட்ஸர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையில் செர்மாட் என்று ஓர் ஊர். உலகமெங்கும் இருந்து ஜனங்கள் வருகிறார்கள். ஊருக்குள் பெட்ரோல் கார் நுழைய முடியாது. ஐந்து கிலோ மீட்டருக்கு முன்பாகவே டேஷ் என்ற இடத்தில் காரை விட்டு விட்டு, ரெயிலில் போக வேண்டும். கோடீசுவரனானாலும் அப்படித்தான்! அந்த ஊர் ஓட்டல்கள் மூடிப் போய் விடவில்லை.

நம்மிடம் மலை ரெயில் இல்லை; பஸ் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் வண்டிகளை எண்ணுவதோடு அதிகாரிகள் நின்று விட்டால் போதாது. சீசனில் வத்தலக்குண்டிலிருந்து அடிக்கடி பஸ் விட வேண்டும். அடிவாரத்தில் கார்களை நிறுத்தப் பெரிய இடம் வேண்டும். வழி நெடுகப் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம் வேண்டும். பாட்டிலைத் தடுத்தால் மட்டும் தாகம் அடங்குமா? வீட்டுக் கூஜாவில் பிடித்துக் கொள்ளக் குடிநீர்க் குழாயும் வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கும் ஒரு நாள் குளிர்ச்சி உண்டு என்பதை இந்த ஏற்பாடுகள்தான் உறுதி செய்யும். பணக்காரருக்கு எந்தப் பாஸ் வந்தாலும் வழி கிடைத்து விடும்.

அன்று மாலை பஸ் இறங்கியபோது மகள் பையில் மூன்று பேரிக்காய், ஒரு மலைப்பூண்டுக் கட்டு. பெருமாள்மலை தாண்டியதும் காது அடைத்தது. வத்தலக்குண்டு விளக்குகள் கீழே மின்ன ஆரம்பித்தன. பஸ் நிலையத்தில் கதவு திறந்ததும் புழுக்கம் முகத்தில் வந்து மோதியது. அப்பத்தா சால்வையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக் கொண்டார். "அந்த ஏரியில முன்னால சேறா இருந்துச்சின்னியே, கரை கட்டினவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார்.

"வெள்ளைக்காரன்தான் அப்பத்தா. நம்ம மதுரைக் கலெக்டர்."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி விட்டு, மதுரை வரும் வரை தூங்கினார்.