கெஞ்சினால்தான் இங்கிலீஷா?

ஒரு சின்னச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, இப்போது ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போகிறேன். கட்டியிருந்த டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி ஆபீசில் கொடுத்தேன். "ஐ ரிக்வெஸ்ட் யூ டு ரீஃபண்ட் மை டெபாசிட்" என்பதுதான் முக்கியமான வரி. அங்கே இருந்தவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என்ன தம்பி, ஆர்டர் போடற மாதிரி இருக்கு? 'ஹம்ப்ளி பெக்'னு போட்டு எழுதிட்டு வா."

பணம் என் அப்பா சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துச் சம்பாதித்தது. ரசீது என் கையில் இருக்கிறது. 'பெக்' என்றால் பிச்சை கேட்பது. என் பணத்தை நான் எதற்குப் பிச்சை கேட்க வேண்டும்?

மரியாதைக்குத்தானே என்பார்கள். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே ஒருவருக்கொருவர் 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று சம்பிரதாயமாக எழுதிக்கொண்டார்கள், உண்மைதான். அவர்கள் அதை விட்டு ரொம்ப நாளாயிற்று. நாம்தான் இன்னும் பிடித்துத் தொங்குகிறோம்.

எனக்குக் கோபம் அந்த ஆபீஸ்காரர் மேல் இல்லை. நமக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தின் மேல்தான். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதப் பழகிய நாளிலிருந்து கெஞ்சும் ஆங்கிலம் மட்டும்தான் நமக்குப் பாடம். ஆனால் அந்த மொழியில் கேட்பதற்கு எத்தனை வினைச்சொற்கள்! எதிராளியின் தயவை நம்பிக் கேட்டால் பெக். நேராக நின்று, ஆனால் பணிவாகக் கேட்டால் ரிக்வெஸ்ட். கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்டால் டிமாண்ட். செய், செய் என்று தூண்டினால் அர்ஜ். காரணம் காட்டிப் பேசினால் ஆர்க்யூ. பேசியே செய்ய வைத்துவிட்டால் பெர்சுவேட்.

இந்தக் கடைசிச் சொல்லில் நாம் எல்லோருமே வழுக்கி விழுகிறோம். பெர்சுவேட் என்றால் 'வற்புறுத்து' என்று மனப்பாடம் செய்ததால், "ஐ பெர்சுவேடட் ஹிம், பட் ஹி டிட் நாட் அக்ரீ" என்று எழுதுகிறோம். "அவனைச் சம்மதிக்க வைத்தேன், ஆனால் அவன் சம்மதிக்கவில்லை" என்பது போன்ற உளறல் அது. சொல்லிப் பார்த்தது மட்டும்தான் என்றால் 'ட்ரைட் டு பெர்சுவேட்' என்று எழுத வேண்டும்.

'ஆர்க்யூ' கதை இன்னும் மோசம். வகுப்பில் அந்தச் சொல்லை நாம் கேட்பதே "டோன்ட் ஆர்க்யூ" என்ற அதட்டலில்தான். காரணத்தோடு பேசுவது என்ற அர்த்தம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நமக்கு அது வாயாடுவது, எதிர்த்துப் பேசுவது. அவ்வளவுதான்.

இப்போது 'பிளீட்' என்ற சொல்லைப் பாருங்கள். நமக்குத் தெரிந்த அர்த்தம் கெஞ்சுவது. ஆனால் பிறந்த இடம் கோர்ட். வழக்காடுவதுதான் அதன் பழைய பொருள். வக்கீல்களை பிளீடர் என்று அழைத்த காலம் உண்டு. கவர்மென்ட் பிளீடர் என்ற பதவி இன்றும் இருக்கிறது. அவர் அரசுக்காகக் கெஞ்சுகிறாரா என்ன? ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாகச் செய்த வேலையும் வாதாடுவதுதான்.

தமிழிலும் இதே கதைதான். மன்று என்றால் சபை. மன்றில் நின்று ஆடுவது மன்றாடுவது. வழக்காடு, வாதாடு என்கிறோமே, அதே ஆடு. இன்று மன்றாடினான் என்றால் காலில் விழுந்தான் என்றுதான் புரிந்துகொள்கிறோம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் சபைக்குப் போகும் பகுதிக்கு வழக்குரை காதை என்று பெயர். அவள் கெஞ்சவில்லை. காரணம் சொன்னாள், சிலம்பை உடைத்துச் சாட்சி காட்டினாள், ஜெயித்தாள்.

சொல் எதிர்த்திசையிலும் போகும். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினால் கன்னடமும் காதில் விழும். கன்னடத்தில் 'பேடு' என்றால் இரந்து கேள். நம் 'வேண்டு'வுக்கு உடன்பிறப்பு. அதிலிருந்து வந்த 'பேடிகெ'தான் அத்திப்பள்ளி தாண்டினால் தொழிற்சங்கக் கோரிக்கைக்குப் பெயர். இரந்து கேட்ட சொல்லையே அங்கே உரிமைக்குரலாக நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். நாமோ நிமிர்ந்து நின்ற மன்றாட்டைக் குனிய வைத்திருக்கிறோம்.

கெஞ்சினால்தானே காரியம் நடக்கும் என்று கேட்பீர்கள். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அரசு அலுவலகத்தில் தகவல் கேட்பவர், ஏன் கேட்கிறார் என்ற காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். நாட்டின் சட்டமே கெஞ்சச் சொல்லவில்லை, லீவ் லெட்டர் ஏன் சொல்கிறது?

ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் (பெக் இல்லை, ரிக்வெஸ்ட்!). அந்த 'ஹம்ப்ளி பெக்' மாதிரிக் கடிதத்தை கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். 'ப்ளீஸ்' போதும், 'தேங்க் யூ' போதும். மிச்ச நேரத்தில் எங்களுக்கு ஆர்க்யூ பண்ணக் கற்றுக்கொடுங்கள். நாளைக்கு இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போது அதுதான் உதவும்.

அதே கடிதத்தை நான் மறுபடியும் கொண்டுபோனேன். ஒரு 'ப்ளீஸ்', ரசீது நம்பர், தேதி, இவ்வளவுதான் சேர்த்தேன். முறைத்துக்கொண்டே சீல் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் சீல் போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் அதைக் காட்டி மன்றாடப் போகிறேன், பழைய அர்த்தத்தில்.