ஒரு கிணறு, ஒரு கூட்ஸ் வண்டி

போன மாதம் கம்பத்தில் ஒரு மாடி அறையில் எட்டுப் பேர் கூடினோம். பேச்சு 1921 மலபார் கலகத்துக்குப் போயிற்று. ஒருவர் ‘விவசாயிகள் புரட்சி’ என்றார். இன்னொருவர் ‘மதவெறி’ என்றார். இருவரும் கவிதை எழுதுகிறவர்கள். ஆளுக்கொரு சொல் கிடைத்ததும் திருப்தியாக டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நடந்தது என்ன? நிலம் ஜன்மிகளிடம். உழுதவன், ஏறநாட்டில் பெரும்பாலும் மாப்பிள்ளை, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம். 1836-லிருந்தே சிறுசிறு கலகங்கள். 1920-ல் வந்த கிலாபத் இயக்கம் அந்தக் குமுறலுக்கு ஒரு பாஷை கொடுத்தது. 1921 ஆகஸ்ட் 20-ல் ஆலி முஸ்லியாரைத் தேடித் திரூரங்காடிக்குள் பட்டாளம் நுழைந்ததும் வெடித்தது. ஏறநாடு, வள்ளுவநாடு தாலுகாக்களில் பல இடங்களில் சில மாதம் வெள்ளைக்காரன் ஆட்சி இல்லை. வாரியங்குன்னத்து குஞ்ஞஹம்மது ஹாஜி கிலாபத் ராஜ்யம் என்று சொல்லி ஆண்டார். பிறகு ராணுவச் சட்டம், கூர்க்காப் படை. 1922 ஜனவரி 20-ல் ஹாஜி மலப்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிப்ரவரி 17-ல் ஆலி முஸ்லியார் கோயமுத்தூர்ச் சிறையில் தூக்கில் தொங்கினார். சர்க்கார் கணக்குப்படியே மாண்ட கலகக்காரர்கள் 2,300-க்கு மேல்.

இனி என் நண்பர்களுக்கு. புரட்சி என்றவர் துவ்வூர்க் கிணற்றை என்ன செய்வார்? அந்தச் செப்டம்பரில் முப்பதுக்கு மேற்பட்டவர்களை வெட்டி அதில் போட்டார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். அத்தனை பேரும் ஜன்மிகளா? கட்டாய மதமாற்றத்தால் எந்தக் குத்தகைப் பிரச்சினை தீர்ந்தது?

மதவெறி என்றவர் ஆனக்கயம் சேக்குட்டியை என்ன செய்வார்? ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், முஸ்லிம். அவரையும் ஹாஜியின் ஆட்கள் கொன்றார்கள். போத்தனூரை என்ன செய்வார்? நவம்பரில் திரூரிலிருந்து நூறு கைதிகளை ஒரு கூட்ஸ் வண்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தால் பிணங்கள். எழுபது பேர்வரை மூச்சுத் திணறிச் செத்தார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு.

2021-ல் தியாகிகள் அகராதியிலிருந்து 387 பெயர்களை நீக்கலாம் என்று ஒரு குழு பரிந்துரைத்ததும் இரு தரப்பும் மறுபடி கச்சை கட்டின. பெயரை நீக்குவதால் வண்டி காலியாகிவிடாது. பெயரைச் சேர்ப்பதால் கிணறு தூர்ந்துவிடாது.

குமாரன் ஆசான் 1922-லேயே ‘துரவஸ்தா’ எழுதினார். கலகத்திலிருந்து தப்பிய நம்பூதிரிப் பெண்ணுக்குப் புலையன் குடிசையில் அடைக்கலம். மாப்பிள்ளைகளைச் சித்திரித்த விதத்துக்காக ஏச்சு வாங்கினார். ஏச்சு நியாயம் என்பதே என் அபிப்பிராயம். ஆனாலும் கலகத்துக்குள் சாதியைப் பார்க்க அவருக்குக் கண் இருந்தது. நமக்கு? அன்று மலபாரும் மதுரையும் ஒரே ராஜதானி. வண்டி திறந்தது நம் ஸ்டேஷனில். அதைப் பற்றி ஒரு தமிழ்க் கவிதை என் கண்ணில் பட்டதில்லை.

இதில் நானும் யோக்கியன் இல்லை. 2011 டிசம்பர், முல்லைப் பெரியாறு விவகாரம். இந்தப் பள்ளத்தாக்கின் நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. நம் வழக்கு நியாயமானது. ஏலத்தோட்டங்களிலிருந்து நம் கூலிக்காரர்கள் பயந்து மலையிறங்கினார்கள். அதே நாட்களில் இங்கே மலையாளிகளின் கடைகள் மீது கல் விழுந்தது. எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்த சேட்டனுக்கும் அணைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பல வருஷம் அவரிடம் கடன் சொல்லி டீ குடித்தவன் நான். அணையைப் பற்றி மூன்று கவிதை எழுதினேன். அவர் கடையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் நம் நியாயம் குறைந்து தெரியுமோ என்று பயம்.

அன்று மாடியில் பேசியதும் இதே பயம்தான். நியாயமான கோபம் சம்பந்தமில்லாதவன் கதவை உடைக்கிறது; உடைத்த பிறகும் அதன் காரணங்கள் நியாயமாகவே இருக்கின்றன. கட்சிக்காரன் இதைச் சொல்லமாட்டான், அவனுக்கு ஓட்டு வேண்டும். கவிதை எழுதுகிறவனும் சொல்லமாட்டான் என்றால், இருநூறு பிரதி அடிக்க நாம் ஏன் அச்சகத்துக்குக் கடன்படுகிறோம்?