மூளைக்கு யார் வைத்தது ஆறு மாதக் கெடு?

தலையில் அடிபட்டவர் இருக்கும் வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை மாசம் ஆச்சு?” நான்கு மாதம் என்றால், “இன்னும் நாள் இருக்கு, தேறிடுவாரு” என்பார்கள். எட்டு மாதம் என்றால் உச்சுக் கொட்டுவார்கள். அதன்பின் பேச்சு ஜோசியர், கோயில், கோர்ட் கேஸ் என்று திரும்பிவிடும். பேராவூரணியிலிருந்து பூம்புகார்வரை டெல்டா முழுக்க ஒரே கணக்குதான்: மூளையில் அடிபட்டால் ஆறு மாதத்துக்குள் தேறினால் உண்டு, இல்லையென்றால் அவ்வளவுதான், செத்த மூளை செல் முளைக்காது. படிக்காதவர்களைவிடப் படித்தவர்கள் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். தேறக்கூடிய ஆட்களைத் திண்ணையில் முடக்கிப்போடும் பொய் இது.

இந்தப் பக்கம் தலையில் அடிபடுவதற்கு ஒரு பருவமே உண்டு. தையும் மாசியும் சம்பா, தாளடி அறுவடை. அரசு தளர்த்தினாலொழிய, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களம் இல்லாத ஊரில் தார்ச்சாலைதான் களம். பகலெல்லாம் காயவைத்த நெல்லைப் பொழுது சாய்ந்ததும் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, பாய் பறக்காமலிருக்கச் சுற்றிலும் கருங்கல் வைக்கிறார்கள். விளக்கில்லாத சாலையில், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு அந்தக் கல் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். நெல் காயவைத்தவரைத் திட்டிப் பயனில்லை. களம் கட்டித்தராதவர்களைத் திட்ட வேண்டும். அதற்குத் தனிக் கட்டுரை எழுதலாம்.

2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். மூளையில் அடிபட்டு உயிரோடு வீடு திரும்பியவர்களுக்கு, இந்தக் கணக்கைத் தரும் அரசு அறிக்கையில் தனிக் கணக்கு கிடையாது. கைகால் முறிந்தவர்களோடு சேர்த்துப் ‘படுகாயம்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

உயிரைக் காப்பாற்றுவதில் இந்த மாநிலம் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. நல்ல திட்டம், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் 49-ஆம் மணி நேரத்திலிருந்து அந்த மூளைக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் ஆறு மாதக் கெடுவைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

இந்தக் கெடு எங்கிருந்து வந்தது? பாதி, ஸ்பெயின் நாட்டு ஸந்தியாகோ ரமோன் இ கஹாலிடமிருந்து வந்தது. நரம்பு செல்லைத் துல்லியமாக வரைந்து காட்டி 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் இறுகிப்போனவை, அறுந்தால் முளைப்பதில்லை என்று 1913–14-இல் வெளிவந்த நூலில் எழுதினார். இந்தத் தீர்ப்பை மாற்ற முடியுமானால் மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் அதே இடத்தில் எழுதினார். நம் பாடப்புத்தகம் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டது. மறுபாதி கிளாஸ்கோவிலிருந்து வந்தது. தலைக்காயம் பட்டவர் எந்த அளவுக்கு மீண்டிருக்கிறார் என்று தரம் பிரிக்க பிரையன் ஜென்னெட், மைக்கேல் பாண்ட் என்ற இருவர் 1975-இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். மருந்து ஆய்வுகள் அந்த அளவுகோலை ஆறாம் மாதத்தில் வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டன. ஏதோ ஒரு நாளில் கணக்கை முடித்தால்தானே ஆய்வை வெளியிட முடியும். ஆய்வாளர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட தேதி, நோயாளியின் தலையெழுத்தாகிவிட்டது.

மூளைக்குள் நடப்பதைப் பார்ப்போம். வண்டி சட்டென்று நிற்க, தலை சுழன்று அடிபடும்போது, மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. பல இழைகள் அந்தக் கணத்திலேயே அறுவதில்லை. உள்ளே சரக்குப் போக்குவரத்து நின்று, வீங்கி, மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல அறுகின்றன. மண்டையோடு உடையாமலே மூளையின் வெண்பகுதி முழுக்க இப்படிச் சிதைந்துபோகும் என்று ஆக்ஸ்போர்டில் சபீனா ஸ்ட்ரிச் 1956-இலேயே எழுதிவிட்டார். சி.டி. ஸ்கேனில் எலும்பு முறிவும் ரத்தக்கட்டும் தெரியும். இழை அறுந்தது தெரியாது. “ஸ்கேன் நார்மல், ஆள்தான் மாறிட்டான், திமிர் பிடிச்சுப்போச்சு” என்று வீடுகளில் எழும் புகாருக்குக் காரணம் இதுதான். கோபத்தை அடக்குவதும் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும் தொலைதூரப் பகுதிகள் ஒன்றுசேர்ந்து செய்கிற வேலைகள். இணைப்பு போனால் முதலில் அடிவாங்குபவை அவைதான். அப்படிப்பட்டவரைக் குடிகாரன் என்கிறார்கள், காத்து கருப்பு என்கிறார்கள், குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். பெருமாளைக் கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வியாதி என்னவென்று தெரிந்துகொண்டு கும்பிடலாமே.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தலைப்பு மதகு உடைந்துபோனால் வயல் அப்படியேதான் இருக்கும், தண்ணீர்தான் வராது. பக்கத்து வாய்க்காலில் வெட்டிவிட்டால் சுற்றிக்கொண்டு வரும். ஆனால் வழியெல்லாம் ஊறிக் கசிந்து, கடைமடைக்கு வந்து சேரும்போது நேரமும் ஆகியிருக்கும், அளவும் குறைந்திருக்கும். அடிபட்ட மூளை இதைத்தான் செய்கிறது. நேர்வழி அறுந்ததும், மிச்சமிருக்கும் மையங்கள் ஒன்றோடொன்று முன்னைவிட அதிகமாகப் பேசத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஹில்லரி குழு இந்த மிகை இணைப்பைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறது. வேலை நடக்கும், ஆனால் செலவு அதிகம். அரை மணி நேரம் பேசினாலே ஆள் துவண்டு படுத்துக்கொள்வதற்கு இது முக்கியமான காரணம். நாளடைவில் பயன்படும் வழிகள் உறுதிப்பட்டு, வீண் வழிகள் அடங்க வேண்டும். எது உறுதிப்படும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பயிற்சி.

1996-இல் ராண்டால்ஃப் நூடோவும் சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். குரங்குகளின் மூளையில், விரல்களை இயக்கும் பகுதியில் சிறிய காயம் உண்டாக்கினார்கள். சும்மா விட்டபோது, காயத்தைச் சுற்றியிருந்த அடிபடாத விரல் பகுதியும் சுருங்கிப்போனது. குழியிலிருந்து தீனியை எடுக்கும் பயிற்சியைத் தினமும் கொடுத்த குரங்குகளுக்கு அந்தப் பகுதி தங்கியது. சிலவற்றில் பக்கத்து இடத்துக்கும் பரவியது. அது விபத்துக்காயம் அல்ல, ரத்த ஓட்டத்தைத் தடுத்து உண்டாக்கியது. அந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் “ஓய்வு எடுக்கட்டும்” என்று மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தி, ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடாமல் அன்பு காட்டும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆறு மாதக் கெடு செய்யும் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. தேறுவது தானாக நடப்பது என்று நம்புவதால், முதல் ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறோம். காலம் முடிந்துவிட்டது என்று நம்புவதால், ஏழாம் மாதத்திலிருந்தும் ஒன்றும் செய்வதில்லை. ஆக மொத்தம் எப்போதுமே ஒன்றும் செய்வதில்லை.

கொள்முதல் நிலையத்தில் சிப்பம் எண்ணிக் கணக்கு எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். விபத்து நடந்து ஒரு வருடம் ஓடியிருந்தது. நடந்தார், சாப்பிட்டார், ஆட்களை அடையாளம் கண்டார். ஊர் அவரைச் சரியாகிவிட்டவர் என்றது. வேலைக்குப் போகாததால் சோம்பேறி என்றது. அவருக்குச் சிப்பம் எண்ண வராது. எண்ணத் தெரியாமல் இல்லை. நடுவில் லாரிக்காரர் ஹாரன் அடித்தாலோ, “அண்ணே, சாக்கு எங்க?” என்று ஒருவர் கேட்டாலோ எண்ணிக்கை அறுந்துவிடும், கோபம் வரும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மகள் ஒரு வழி செய்தாள். கொல்லையில் தேங்காய்களை அடுக்கி, சத்தமே இல்லாத விடியற்காலையில் எண்ணச் சொன்னாள். ஐந்துக்கு ஒரு சாக்கட்டிக் கோடு. அது கைவந்ததும் ரேடியோவை மெதுவாக வைத்தாள். பிறகு சத்தத்தைக் கூட்டினாள். பிறகு நடுவில், “அப்பா, காபி வேணுமா?” என்று வேண்டுமென்றே கேட்டாள். கோட்டைப் பார்த்து விட்ட இடத்தைப் பிடிக்க அவர் கற்றுக்கொண்டார். இரண்டாம் வருடக் குறுவைக் கொள்முதலில் அரை நாள் உட்கார முடிந்தது. மதியத்துக்கு மேல் முடியவில்லை, இன்றும் முடிவதில்லை. அந்த அரை நாளும் கெடு முடிந்ததற்குப் பிறகு வந்ததுதான்.

இதைத் தனி ஒருவர் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவின் ‘டிராக்-டிபிஐ’ ஆய்வு 18 விபத்துச் சிகிச்சை மையங்களில் நடந்தது. 2021-இல் வந்த அதன் முடிவில், அடிபட்டு இரண்டு வாரமாகியும் தன்னுணர்வில்லாமல் கிடந்த 79 பேரில் 62 பேருக்கு ஓராண்டுக்குள் உணர்வு திரும்பியிருந்தது. கடுமையான காயம் பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஓராண்டு முடிவில், பகலில் சில மணி நேரமாவது வீட்டில் தனியாக இருக்கும் அளவுக்காவது வந்திருந்தார்கள். விதிவிலக்கான ஒருவரையும் சொல்லலாம்: அர்க்கன்சாவின் டெர்ரி வாலிஸ் 1984-இல் அடிபட்டு, 19 ஆண்டு கழித்து 2003-இல் பேசினார். அவர் மூளையைப் படமெடுத்த ஆய்வாளர்கள், சில இடங்களில் நரம்பிழைகள் புதிதாக வளர்ந்திருக்கலாம் என்று 2006-இல் எழுதினார்கள். வாலிஸைக் காட்டி எல்லோருக்கும் ஆசை ஊட்டுவது பாவம். அவர் எழுந்து நடக்கவே இல்லை.

எல்லோரும் பழையபடி ஆவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வயதானவர்கள், பெரிய ரத்தக்கட்டு வந்தவர்கள், மூச்சுத் தடைப்பட்டு ஆக்ஸிஜன் இல்லாமல் கிடந்தவர்கள் நிலை கடினம். முன்னேற்றத்தின் வேகம் முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்பதும் உண்மை. மூளைச்சாவு முற்றிலும் வேறு. அதைக் கோமாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அதிலிருந்து யாரும் மீள்வதில்லை. நான் எதிர்ப்பது, வேகம் குறைவதைக் கதவு சாத்துவதாகக் காட்டும் கணக்கை.

‘மூன்றாம் பிறை’ படத்தில், விபத்தில் நினைவிழந்த பெண், ஒரே வைத்தியத்தில் முழுசாகத் திரும்பிவிடுவாள். 1982-இலிருந்து அந்த ரயில் நிலையக் காட்சிக்கு அழுதுகொண்டிருக்கிறோம், தப்பில்லை. ஆனால் ஒன்று பூரணம், அல்லது பூஜ்யம் என்ற எண்ணத்தை ஊட்டியதில் சினிமாவுக்குப் பங்குண்டு. மெதுவாக, கால்வாசி, அரைவாசி என்று தேறுகிறவனை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

பயிற்சிக்குக் காசில்லாத வீட்டிலும் மாத்திரைக்குக் காசு இருக்கிறது. ‘மூளைக்குச் சத்து’ என்று வருடக்கணக்கில் வாங்கும் சிட்டிகோலினை 1,213 பேரிடம் சோதித்த ஆய்வு 2012-இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட எந்த வகையிலும் மேல் இல்லை என்பதே அதன் முடிவு. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சங்களில் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தலைக்காயத்துக்கு அதை முறையான ஆய்வுக்கு வெளியே போட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அனுமதிப்பதில்லை.

சட்டமும் கைகாலைத்தான் பார்க்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது; தலைக்காயம் தனி வகையாக அதில் இல்லை. இழப்பீட்டு வழக்கில் மெடிக்கல் போர்டு தரும் ஊன சதவீதத்தோடு நின்றுவிடாமல், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று தனியாகப் பார்க்க வேண்டும் என 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மறதியும் கவனச்சிதறலும் ஒரு வேலையைப் பறிக்கும் என்று உங்கள் வக்கீல் வாதாட வேண்டும். அவருக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மறுவாழ்வு மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1954-இல் வேன் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பட்டுக்கோட்டைக்காரர் இன்னும் வேலூருக்கோ சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தலைக்காயக்காரர்களுக்கென்று பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் மூவரும் ஒரே அறையில் உட்காரும் வாராந்திர ஓ.பி. ஒன்றை அரசு மூன்றிலும் நடத்த வேண்டும். இரண்டு வருடத்துக்காவது தொடர்ந்து வரச் சொல்லிச் சீட்டு எழுத வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார். அவரிடம் கைகாலை மட்டும் காட்டாதீர்கள். மறதி, கோபம், சத்தத்தில் கவனம் சிதறுவது, சீக்கிரம் களைத்துப்போவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடிபட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.