உதிரிப் பழமும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், தங்கள் மாணவர் சங்கத் தலைவரின் ஏற்பாட்டில், ஞாயிறுதோறும் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அந்தத் தலைவரும் லயத்து வீட்டில் பிறந்தவர்தாம். தகப்பனார் குலை வெட்டுகிறார். நாம் போய்ப் பார்த்த அன்று முப்பது பேருக்குப் பாய் விரித்திருந்தார்கள். வந்திருந்ததோ பதினோரு பேர்! மற்றவர்கள் எங்கேம்மா என்று ஒரு சிறுமியைக் கேட்டோம். "அப்பாகூட காட்டுக்குப் போயிருக்காங்க, உதிரிப் பழம் பொறுக்க" என்றாள்.

பெற்றோரை ஏச நமக்கு மனமில்லை. பிள்ளையின் சின்னக் கையும் சேர்ந்தால் கோணி சீக்கிரம் நிறையும். கோணி நிறைந்தால் கடைக்காரர் கணக்கில் கொஞ்சம் குறையும். வயிற்றுப்பாடு அப்படி. "ஒருநா போனா என்னங்க, படிப்பு ஓடியா போயிடும்?" என்று ஒரு தாயார் கேட்டார்.

ஓடித்தான் போகிறது, அம்மா. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். சோதனை இருந்தது, மூன்றாம் படிவத்தில் பி.டி.3 இருந்தது. பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். முதலாவது 2021இலும் அடுத்தது 2022இலும் நிறுத்தப்பட்டன. சின்னப் பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் இப்போது பதினோரு ஆண்டுப் படிப்பின் முடிவில் எஸ்.பி.எம். வந்து நிற்கும்போதுதான் பல வீடுகளில் விழித்துக்கொள்கிறார்கள். அதில் மலாய்மொழி தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும். வீட்டிலும் லயத்திலும் தமிழே பேசி வளரும் பிள்ளைக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் வாரம் தவறாமல் தேடி வந்து பாய் விரித்துக் காத்திருக்கிறார்.

இது புதிய முயற்சி அல்ல. தமிழ்ப்பள்ளியை முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு தட்டுத் தடுமாறி, அத்தோடு நின்று பால்வெட்டப் போன பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அந்த நிலையைக் கண்டு பொறுக்காமல் 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜாவும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் ஸ்ரீ முருகன் நிலையம். வார இறுதிகளில் வகுப்பெடுத்தவர்களில் பலர் தாங்களே இன்னும் படித்துக்கொண்டிருந்தவர்கள். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என்று பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெற்றோர் வராமல் பிள்ளை மட்டும் வந்து பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாம் குடியிருக்கும் வீடு நிர்வாகத்தின் வீடு. தோட்டம் கைமாறினால் பெட்டி படுக்கையோடு வெளியேறியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப் போனவர்களில் கையில் சான்றிதழ் வைத்திருந்த பிள்ளையின் குடும்பம் ஒருவிதமாகவும், மற்றக் குடும்பம் வேறுவிதமாகவும் பிழைத்ததையும் பார்த்திருக்கிறோம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. திறப்பு விழாவுக்கு மாலையோடு வந்து, படம் எடுத்துக்கொண்டு, மூன்றாம் வாரம் காணாமற்போனவர்களைத் தோட்டம் நிறையப் பார்த்துவிட்டது. அதனால்தான் சிலர் இன்னும் நம்பாமல் தள்ளி நிற்கிறார்கள். தம்பிமாரே, கோபப்படாதீர்கள், தொடர்ந்து வாருங்கள்.

காலை வகுப்பைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினால் என்ன என்று தலைவரைக் கேட்டோம். "மாத்தலாம் ஐயா. ஆனா இருட்டுறதுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல விடுதிக்குத் திரும்பணும். அஞ்சரைக்கு முடிச்சாகணும்" என்றார். கோயில் தலைவர் மண்டபச் சாவியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். வாரம் ஒரு வீடாக அந்த நால்வருக்கும் மத்தியானச் சோறு போட யார் முன்வருகிறீர்கள்? பெயரைக் கோயில் தலைவரிடம் கொடுங்கள். வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு வகுப்பு. அதற்குள் கோணியைக் கட்டிவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பிவிடுங்கள்.