ஈரடுக்குப் பாலமும் நகரத்தின் நெரிசலும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கூவம் ஆற்றை ஒட்டி மதுரவாயல் வரை எழும்பிவரும் உயர்மட்டச் சாலை முடிந்துவிட்டால் தலைநகரின் போக்குவரத்து நெரிசல் தீர்ந்துபோகும் என்பது, படித்தவர், பாமரர் என்ற பேதமின்றி எல்லோர் மனத்திலும் வேரூன்றிவிட்ட அபிப்பிராயம். அச்சாலை வேண்டாம் என்று நான் வாதிக்கவில்லை. சரக்குப் போக்குவரத்துக்கென வகுத்த ஒன்றை வேறொரு வியாதிக்கு ஔஷதமாகக் கொள்வது பிழை என்றே சொல்கிறேன்.

தொடங்கிய வேலை தடைபடாதிருந்தால் இன்று இந்தத் துன்பமே இராது என்பது முதல் வாதம். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டிய 19 கிலோமீட்டர்ச் சாலை, தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்ற மாநில அரசின் ஆட்சேபத்தால் 2012இல் நின்றதும், 2014இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கிய பின்பும் தூண்கள் பல்லாண்டு தனித்து நின்றதும், 2022 மே மாதம் ஈரடுக்காக மாறிய திட்டத்துக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு சுமார் 5,850 கோடி ரூபாயாக உயர்ந்திருந்ததும் உண்மையே. நஷ்டத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் திட்டம் துறைமுக லாரிகளுக்காக எழுந்தது. அண்ணா நகரிலிருந்து எழும்பூருக்கு வேலைக்குப் போகிறவரின் அவஸ்தை அதன் கணக்கில் பிரதானமாக இருந்ததில்லை.

கன்டெய்னர் லாரிகள் மேல்தளத்துக்கு ஏறிவிட்டால் கீழே தெருக்கள் காலியாகும் என்பது இரண்டாவது. பகலின் பரபரப்பான நேரங்களில் நகரின் முக்கிய சாலைகளில் கனரக லாரிகளுக்கு அனுமதியே கிடையாது. காலை ஒன்பது மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடைத்து நிற்பவை கார்களும் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களுமே. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநருக்கும், அந்தப் புழுதியில் வாழும் வடசென்னை மக்களுக்கும் மேல்தளம் பேருதவியாகும். அந்த ஒரு நியாயமே அதற்குப் போதும்.

கீழ்த்தளம் நகர வாகனங்களுக்கென்றே அமைவதால் இடம் பெருகி நெரிசல் குறையும் என்பது மூன்றாவது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலையைப் பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை 2008இல் அகலப்படுத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் உச்ச நேரப் பயணம் முன்னிலும் நீண்டுவிட்டது. வழி எளிதாயிற்று என்று அறிந்ததும், பேருந்திலும் வேறு நேரத்திலும் போய்வந்தவர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது மனித சுபாவம். பாலத்தில் விரைந்து வந்த கார்கள் இறங்க வேண்டிய தெருக்களோ பழைய அகலத்திலேயே கிடக்கின்றன.

கூவம் சாக்கடைதானே, அதற்கென்ன கேடு என்பது கடைசி வாதம். வெயில் காலத்தில் நாறிக் கிடக்கும் அதே கூவம், மழைக் காலத்தில் நகரத்தின் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால். அதன் கரையோரக் குடியிருப்புகள் 2015 டிசம்பரில் மூழ்கியதை நாம் கண்டோம். தென் கொரியாவின் சோல் நகரமோ, சியோங்கியே ஓடையை மறைத்து நின்ற உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டது. நகரம் ஸ்தம்பித்துப் போகவில்லை. இடையில் 2004இல் அங்கே பேருந்துகளுக்குத் தனித் தடங்கள் வகுத்து, பேருந்துச் சேவை முழுவதையும் சீரமைத்திருந்தார்கள்.

நமக்கும் பரிகாரம் அந்த வழியில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இரு திசையிலும் ஒவ்வொரு தடத்தை மாநகரப் பேருந்துக்கென்று திறப்பு நாளன்றே ஒதுக்கிவிட வேண்டும். கார்கள் ஓடிப் பழகிய இடத்தைப் பின்னாளில் கேட்டால் எவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.